மறு: "இன்டராக்டிவ் டேட்டா விஷுவலைசேஷன்" – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலுக்காகத் தொடங்கிய இந்த இழையில் வந்த மடல்களை ஒரே மூச்சில் படித்தேன். வாசகர் தொட்டுக் கேட்டால் விவரம் காட்டும் தரவுப் படத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். "இடைவினைத் தரவுக் காட்சிப்படுத்தல்", "ஊடாட்ட வரைபடம்", "உயிர்ப்படம்" என மூன்று பரிந்துரைகள் நிற்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒரு சொல்லை வைக்கிறேன். அதையும் தயங்காமல் அடித்துத் துவையுங்கள்.

> சொல்லுக்குச் சண்டை போடும் முன், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் நல்லது. எனக்கு நிரல் எழுத வராது.

நியாயமான கேள்வி. நிரல் எழுத வராதவர்களுக்காகத்தான் இந்தச் சொல்லே தேவைப்படுகிறது. மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். முழு நீர்மட்டம் 120 அடி. குறுவைக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். ஓராண்டின் அன்றாட நீர்மட்டம் உங்களிடம் விரிதாளில் இருக்கிறது: ஒரு பத்தியில் தேதி, இன்னொன்றில் அடி. அதை அப்படியே நகலெடுத்து, தரவிலிருந்து படம் செய்து தரும் டேட்டாராப்பர் தளத்தில் ஒட்டுகிறீர்கள். கோட்டுப் படம் என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். ஜூன் 12-க்கு நேராக ஒரு செங்குத்துக் கோடு, மேலே தமிழில் தலைப்பு. வெளியிட்டதும் ஒரு துண்டு ஐஃபிரேம் வரி (வேறு தளத்துப் படத்தை நம் பக்கத்தில் காட்டும் குறிவரி) கிடைக்கும். பிளாகரில் எச்டிஎம்எல் பார்வைக்கு மாறி அந்த வரியை ஒட்டினால் வேலை முடிந்தது. ஃப்ளரிஷ் தளத்திலும் ஏறக்குறைய இதே வழிதான்.

வேர்ட்பிரஸ்.காம் இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பாதுகாப்புக்காக அங்கே ஐஃபிரேம் வரியை உருவி எறிந்துவிடுவார்கள். சேமித்த பிறகு பார்த்தால் படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

சரி, இப்படிச் செய்த படத்தில் என்ன புதுமை? 365 எண்கள் உள்ளே இருக்கின்றன. ஆனால் வாசகர் கேட்பதைத்தான் காட்டுகிறது. ஆகஸ்டு பக்கம் விரலை வைத்தால் அன்றைய அடிக்கணக்கு வரும். அச்சில் 365 எண்களையும் எழுதினால் கோடே தெரியாது; எழுதாவிட்டால் எண் தெரியாது. பெயர் இந்த இடத்திலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி ஒவ்வொன்றாக. "வரைபடம்" நம்மிடம் இரட்டை வேலை பார்க்கும் சொல். "தமிழ்நாடு வரைபடம்" என்றால் நிலப்படம். பள்ளிப் பாடத்தில் "பட்டை வரைபடம்" என்றால் புள்ளிவிவரப் படம். அன்றாடப் பேச்சில் சமாளித்துவிடுகிறோம். ஆனால் நாம் பெயர் தேடும் படங்களில் பாதி, மாவட்டவாரியாக நிறம் தீட்டிய நிலப்படங்களாகவே இருக்கின்றன. எந்த இடத்தில் குழப்பம் வரக்கூடாதோ சரியாக அந்த இடத்தில் இந்தச் சொல் குழப்பும்.

"இடைவினை" அறிவியல் பாடத்தில் குடியேறிவிட்டது. இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று செயல்படுவது அது, அங்கேயே இருக்கட்டும். "காட்சிப்படுத்தல்" செயலைக் குறிக்கிறது, செய்த பொருளைக் குறிக்கவில்லை. ஒரு காட்சிப்படுத்தலைப் பதிவில் ஒட்டினேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

> "ஊடாட்டம்" என்றால் ஊடல்தான் நினைவுக்கு வருகிறது. படம் வாசகரிடம் கோபித்துக்கொண்டதா?

சிரித்தேன். ஆனால் அது ஊடு + ஆடு. நடுவே புகுந்து போய்வருவது. இலக்கணத்தில் பழுதில்லை, மென்பொருள் தமிழாக்கங்களிலும் புழங்குகிறது. என் குறை வேறு: அந்தச் சொல்லைப் பார்க்கும் வாசகருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது.

"உயிர்ப்படம்" அழகுதான். தானாக ஓடும் அசைபடத்துக்கும் அது பொருந்திவிடுமே. சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006-இல் டெட் உரை மேடையில் நாடுகளைக் குமிழிகளாக ஓடவிட்டபோது அரங்கில் இருந்தவர்கள் பார்த்தது அசைபடம். அதே கருவியில் ஒருவர் தானே ஓர் ஆண்டையும் ஒரு நாட்டையும் தேர்ந்து பார்த்தால்தான் அது நாம் சொல்லும் படம். இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டாம்.

என் பரிந்துரை: வினவுபடம். வினவப்படும் படம். குடிநீர் என்பதில் நாம் நீரைக் குடிப்பது போல இங்கே படத்தை வினவுகிறோம். தேடுபொறி போலவே வினைத்தொகை, அதனால் வல்லினம் மிகாது. ஆறெழுத்து, கைப்பேசிப் பொத்தானிலும் அடங்கும். தரவுத்தளக்காரர்கள் ஏற்கெனவே "வினவல்" என்கிறார்களே என்று யாராவது கேட்பார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: எண்களிடம் கேட்டு விடை வாங்குவது. உறவுச் சொற்களாகவே இருக்கட்டும்.

இதற்கு எதிர்ச்சொல்லாக, அசையாமல் கிடக்கும் சாதாரணப் படத்தை "நிலைப்படம்" எனலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

———

வணக்கம் ஐயா,

வினவுபடம் நல்லாயிருக்கு. எங்கட பக்கத்திலிருந்து ஒரு திருத்தம் மட்டும்.

நீங்கள் பட்டை வரைபடம் என்பதை நாங்கள் இலங்கைப் பாடநூல்களில் சலாகை வரைபு என்றுதான் படித்தோம். உங்கள் வட்ட விளக்கப்படம் எங்களுக்கு வட்ட வரைபு. உங்கள் நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்) எங்களுக்கு வலையுரு வரையம். பொதுப்பெயர் ஒன்றாக வந்தாலும் உள்ளே இருக்கும் வகைப்பெயர்கள் இரண்டு கரையிலும் வேறுவேறாகத்தான் இருக்கும். ஆகவே "வினவு" என்பதை முன்னொட்டாகவும் பாவிக்க இடம் கொடுங்கள்: வினவு வரைபு, வினவு நிலப்படம், வினவு அட்டவணை. வினவுபடம் இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அப்படியென்றால் யாரும் தங்கள் பாடநூற் சொல்லைக் கைவிடத் தேவையில்லை.

இன்னொன்று. படத்தைப் பக்கத்தில் சேர்ப்பதற்கு எல்லோரும் "உட்பொதி" (எம்பெட்) என்று எழுதுகிறீர்கள். எதையும் உள்ளே பொதிக்கவில்லையே? படம் வேறொரு வழங்கியில் (சர்வரில்) கிடக்கிறது. நம் பக்கத்தில் தெரிவது அதன் முகம் மட்டும். அந்தச் சேவை மூடினால் நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

யாழ்ப்பாணத்திலிருந்து

———

ஐயா,

முன்னொட்டு யோசனையை அப்படியே ஏற்கிறேன். என் மடலில் இருந்ததைவிட அது மேல்.

உட்பொதி பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஐபிஎம் நடத்திய, தரவுப் படம் செய்து பகிரும் மெனி ஐஸ் தளம் 2007-இல் தொடங்கி 2015-இல் மூடப்பட்டது. ரோஸ்லிங்கின் மென்பொருளை கூகுள் 2007-இல் வாங்கி, அந்தக் குமிழிப் படத்தை விரிதாளோடு சேர்த்துக் கொடுத்தது. அது ஃபிளாஷ் என்ற உலாவிச் செருகுநிரலில் ஓடியது. 2020 கடைசியோடு ஃபிளாஷுக்கே முடிவு வந்துவிட்டது. விக்கிப்பீடியாவையே பாருங்கள். 2023 ஏப்ரலில் பாதுகாப்புச் சிக்கல் என்று தரவுப் படங்களைக் காட்டும் அதன் கிராஃப் நீட்சியை நிறுத்தினார்கள், பல மொழிக் கட்டுரைகளில் படங்கள் ஒரே நாளில் காணாமல் போயின. அது வெளியார் சேவைகூட இல்லை.

ஆனாலும் "உட்பொதி" வேர்விட்டுவிட்டது. அதைப் பிடுங்கி வேறொன்றை நட்டால் பத்து வருடத்துக்கு இரண்டும் வளராது. சொல்லை விட்டுவிட்டு, கலைச்சொல் பட்டியலில் அதன் விளக்கத்தைத் திருத்துவோம்: "வேறிடத்தில் உள்ள படம், காணொளி போன்றவற்றை நம் பக்கத்தில் தெரியச் செய்தல்." வினவுபடம் என்ற உள்ளீட்டின் கீழ் பயன்பாட்டுக் குறிப்பு ஒன்றையும் சேர்க்கலாம்: கூடவே ஒரு நிலைப்படமும், தரவுக் கோப்புக்கு ஓர் இணைப்பும் கொடுக்கவும். இரண்டுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

"நோ-கோட்" (நிரல் எழுதாமல் செய்வது) என்பதற்குத் தனிப் பெயர்ச்சொல் வேண்டுமா என்று இழையில் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்பேன். "நிரலின்றி வினவுபடம் செய்வது எப்படி" என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது.

கடைசியாக, சொல்லோடு சம்பந்தமில்லாத ஒன்று. ஆனால் தமிழில் படம் செய்பவர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். 38 மாவட்டங்களை நிற்கும் பட்டைகளாகப் போட்டால் கைப்பேசியில் "திருவண்ணாமலை", "கள்ளக்குறிச்சி" எல்லாம் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, படிக்கவே முடியாது. படுத்த பட்டைகளாகப் போடுங்கள், பெயர்கள் இடப்பக்கம் நேராக நிற்கும். சென்னையும் தேனியும் மட்டும் இருக்கும் மாநிலமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எதிர்ப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் வினவுபடம், நிலைப்படம், வினவு- என்ற முன்னொட்டு, உட்பொதியின் புது விளக்கம் ஆகிய நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். வகைப்பெயர்களில் இரு நாட்டுச் சொற்களும் அருகருகே வரும்.

மதுரையிலிருந்து