சிவப்பு எழுத்து பக்கத்தில் இருக்கணுமா, ஸ்டைலில் இருக்கணுமா?

ராணிப்பேட்டை_கையேடு:
டேனரி (தோல் பதனிடும் ஆலை) இயந்திரங்களுக்குத் தமிழில் உதவி வலைப்பக்கங்கள் எழுதுகிறேன். மொத்தம் 140 பக்கம், எனக்கு முன்னால் ஆளாளுக்கு எழுதி வைத்தது. எச்சரிக்கை வரும் இடமெல்லாம் ஃபான்ட் டேக் (எழுத்தின் நிறம், அளவைச் சொல்லும் குறி) போட்டுச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். போன வாரம் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்முக்கு அருகில் ஒட்டினோம். "மெயினை அணைக்காமல் டிரம் கதவைத் திறக்காதே" என்ற வரியும் "மாதம் ஒருமுறை கிரீஸ் வை" என்ற வரியும் ஒரே மாதிரி நிற்கின்றன. எல்லாவற்றையும் சிஎஸ்எஸ்ஸுக்கு, அதாவது தோற்றத்தை மட்டும் தனியாக எழுதி வைக்கும் ஸ்டைலுக்கு, மாற்றலாமா?

குடியாத்தம்_டிடிபி:
எதுக்கு தம்பி வீண் வேலை? படிக்கிறவர் டேக்கையா பார்க்கிறார்? கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு. அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார், சிஎஸ்எஸ் ஃபைல் கூட வராது, மொட்டையாகத் திறக்கும். சிவப்பை அங்கேயே அடித்து வைத்தால் போன இடத்திலும் சிவப்பு.

காட்பாடி_ஜங்ஷன்:
அண்ணா, மொட்டையாகும் என்பது நிஜம்தான். ஆனால் ஸ்டைலை அதே ஃபைலின் தலைப்பகுதியிலேயே வைக்கலாமே? பிரிப்பது என்றால் ரெண்டு ஃபைல் என்று அர்த்தமில்லை. "இது எச்சரிக்கை" என்பது ஒரு இடம், "எச்சரிக்கை இப்படித் தெரியணும்" என்பது இன்னொரு இடம், அவ்வளவுதான். அச்சுக்கென்று மீடியா பிரிண்ட் விதியில் நாலு வரி எழுதி, அதையே எல்லாப் பக்கத்தின் தலைப்பகுதியிலும் ஒட்டினால் 140 பக்கத்திலும் எச்சரிக்கையைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் விழும். சிஎஸ்எஸ் முதல் பதிப்பு 1996-இல் வந்தது. அடுத்த வருஷமே, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 4.0 பதிப்பு ஃபான்ட் டேக்கைக் கழிக்க வேண்டியவை பட்டியலில் சேர்த்துவிட்டது.

அப்புறம், யூனிகோடுக்கு முந்தைய பாமினி ஃபான்ட் காலம் உங்களுக்குத் தெரியாததா? "அம்மா" என்று அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தெரிவது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தோற்றம் போனதும் அம்மாவே போய்விட்டாள்.

குடியாத்தம்_டிடிபி:
வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே. எத்தனை பழைய ஃபைலை உட்கார்ந்து திரும்ப அடித்தேன் தெரியுமா! சரி, இதுக்குப் பதில் சொல். பிக்கிள் ஆன (உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறிய) தோலை வெட்டி, வெட்டிய வாயில் புரோமோகிரெசால் கிரீன் என்ற அமிலம் காட்டும் சாயத்தைச் சொட்டு விடுவார்கள். முழுக்க மஞ்சள் என்றால் அமிலம் உள்வரை இறங்கிவிட்டது. நடுவில் நீலம் ஓடினால் இன்னும் இறங்கவில்லை. அங்கே நிறம்தான் விஷயமே. அதையும் அலங்காரம் என்று ஸ்டைலுக்குத் தள்ளுவாயா?

காட்பாடி_ஜங்ஷன்:
மாட்டேன். அந்த மஞ்சள் பக்கத்தோடு சேர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தோடு "மஞ்சள்" என்ற சொல்லும் வேணும். கறுப்பு வெள்ளை அச்சில் உங்கள் மஞ்சளும் நீலமும் சாம்பல்தானே?

ஆற்காடு_மக்கன்பேடா:
எனக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துப் படிக்கிறேன். எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். தலைப்பு என்று குறிக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்தால் "அடுத்த தலைப்பு இல்லை" என்று நின்றுவிடும், முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் கேட்கணும். சிவப்பையும் நானாக அமைப்பில் மாற்றாதவரை சொல்லாது.

காட்பாடிக்கும் ஒன்று. வகுப்புப் பெயரில் (ஸ்டைல் அடையாளம் காண டேக்குக்குள் தரும் பெயர்) "எச்சரிக்கை" என்று வைத்தால் என் காதுக்கு அதுவும் வராது. அந்தச் சொல்லை வரியின் முன்னால், பக்கத்தின் உள்ளேயே எழுதுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
சரிங்க, நான் அதை ஸ்டைலில் சேர்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தப்பு.

குடியாத்தம்_டிடிபி:
இதைச் சொன்னால் புரிகிறது. சொல் உள்ளே, கட்டம் வெளியே. ஆனால் ஃபைல் ஒன்றுதான், அதை விட்டுத்தர மாட்டேன்.

ராணிப்பேட்டை_கையேடு:
நேற்று உட்கார்ந்து ஆறு பக்கம் மாற்றினேன். சிவப்பைத் தேடி எல்லாவற்றையும் ஒரே தட்டில் எச்சரிக்கையாக மாற்றப் பார்த்தேன், நல்லவேளை முதலில் படித்தேன். சர்வீஸ் ஆளின் போன் நம்பரும் சிவப்பு, பொங்கல் வாழ்த்தும் சிவப்பு. ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பிரிக்கணும் போல.

குடியாத்தம்_டிடிபி:
அந்தப் பொங்கல் வாழ்த்துப் பக்கத்தை அனுப்பு, யார் கைவேலை என்று பார்க்கிறேன்.