லைன் வேலைக்கு எந்த வண்டி? – “பெரிய வீடு” குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி, காலை 7.42
எல்லாருக்கும் வணக்கம். வண்டி விஷயமாக ஒரு யோசனை கேட்க வேண்டும். நம் டாடா 407 லாரி இந்தத் தடவை எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் பெரிய செலவு வைக்கும் போலிருக்கிறது. கரண்ட் லைன் வேலைக்குப் புதிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். டாடா, ஐஷர், லேலண்ட், மஹிந்திரா இதில் எதை நம்பி எடுக்கலாம்?

செல்வி அத்தை, 7.45
நல்ல விஷயம் கார்த்தி 🌺 எதை எடுத்தாலும் வளர்பிறையில் எடு.

மணி மாமா, 7.51
டாடாதான் மாப்பிள்ளை. இதில் கேட்க என்ன இருக்கிறது? 407 வந்தது 1986ல். அதே சமயத்தில் டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி என்று ஜப்பான் கூட்டில் நாலு வண்டி சந்தையில் இருந்தது. இவனை ஊதித் தள்ளிவிடுவார்கள் என்று பேசினார்கள். டிசிஎம்மும் ஆல்வினும் இன்று எங்கே? 407 இன்னும் ஓடுகிறது.

ராஜா அண்ணன், 7.58
மாமா சொல்வது உண்மை. ஆனால் தம்பி, கம்பெனி பெயரைக் கடைசியில் பார்ப்போம். நீ என்ன ஏற்றப் போகிறாய், எத்தனை ஆள் போகப் போகிறீர்கள், அதை முதலில் சொல்.

கார்த்தி, 8.02
என்னோடு சேர்த்து ஏழு பேர். சாமான் என்றால் டிரான்ஸ்பார்மர், கண்டக்டர் (மின்கம்பி) சுற்றிய டிரம், கிராஸ் ஆர்ம், செயின் பிளாக், ஏணி, கயிறு, கடப்பாரை. முடிந்தால் கம்பமும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் எண்ணெயோடு அரை டன்னுக்கு மேல் வரும்.

ராஜா அண்ணன், 8.03
கம்பம் எத்தனை மீட்டர்?

கார்த்தி, 8.03
எல்.டி.க்கு (வீட்டுக்கு வரும் குறைந்த அழுத்த லைன்) 7.5, 8. ஹெச்.டி. (உயர் அழுத்த) லைன் என்றால் 9.1.

ராஜா அண்ணன், 8.05
9.1 என்றால் கிட்டத்தட்ட 30 அடி. 407 பாடி 10 அடி. மீதி 20 அடி எங்கே போகும்?

மணி மாமா, 8.06
பின்னால் போகும். நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு 😄

ராஜா அண்ணன், 8.09
அந்தக் காலம் போய்விட்டது மாமா. பாரம் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் சட்டப்படியே தப்பு. இருட்டில் பின்னால் வருகிற பைக்காரன் கதி என்ன ஆகும்? கம்பத்துக்கு டிராக்டர் டிரெய்லரை வாடகைக்குப் பிடி. இந்தச் சைஸில் எந்தக் கம்பெனி வண்டி எடுத்தாலும் கம்பம் ஏற்ற முடியாது. அந்த ஆசையை விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். சரி, ஏழு பேர் எங்கே உட்காருகிறீர்கள்?

கார்த்தி, 8.10
முன்னால் மூணு பேர். மற்றவர்கள் பின்னால்.

ரேவதி, 8.11
பின்னால் என்றால் டிரான்ஸ்பார்மர் பக்கத்திலா?

கார்த்தி, 8.12
எல்லாருமே அப்படித்தான் போகிறார்கள்.

மணி மாமா, 8.17
எல்லாரும் போகிறார்கள் என்பதை விடு. நான் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஒரு வண்டியில் கண்டக்டர் டிரம்முக்குக் கட்டை கொடுக்காமல் ஏற்றிவிட்டார்கள். மாடு குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக் அடித்தார். டிரம் உருண்டு வந்து ஒரு பையனின் முழங்காலைக் கேபினோடு வைத்து நசுக்கியது. பிறகு அவன் கம்பம் ஏறவே இல்லை, ஆபீஸில் உட்கார வைத்தார்கள். லைனை அணைத்ததற்கு எல்.சி. அனுமதி வாங்கி, மிச்ச கரண்டை இறக்க டிஸ்சார்ஜ் ராடு போட்டு, அவ்வளவு ஜாக்கிரதையாக லைனில் கை வைக்கிறோம். அடிபடுவது வரும் வழியில்.

செல்வி அத்தை, 8.18
கார்த்தி, பின்னால் ஆளை ஏற்றாதே. உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

பிரபு டொராண்டோ, 8.24
அண்ணா, இங்கே சனி ராத்திரி. நான் பார்க்கிற ஷெட்டில் முழுக்க லைன் வண்டிதான், அதனால் சொல்கிறேன். இங்கே எந்த பிராண்டு என்று கேட்டால் “கீழேயா, மேலேயா” என்பார்கள். கீழே சேசிஸ் ஃபோர்டு எஃப்-550, ராம் 5500, ஃப்ரைட்லைனர், இன்டர்நேஷனல் இப்படி ஏதாவது இருக்கும். மேலே உள்ள பூமும் (நீளும் கை) பக்கெட்டும் (ஆள் நின்று வேலை பார்க்கும் கூடை) வேறு கம்பெனி. அலபாமாவில் 1929ல் ஆரம்பித்த ஆல்டெக் அதில் பெரிய பெயர். ஆள் எல்லாரும் கேபினுக்குள். பெல்ட் போடாமல் வண்டி நகராது.

கார்த்தி, 8.26
பக்கெட் வண்டிக்கு நான் எங்கே போவது பிரபு. நம் பசங்கள் ஏணியும் கயிறும் வைத்தே ஏறிவிடுவார்கள். ஒரு சின்ன ஹைட்ராலிக் கிரேன் மட்டும் ஆசை. நாமக்கல்லில் பாடி கட்டும்போதே பொருத்தித் தருகிறோம் என்றார்கள். டிரான்ஸ்பார்மரை இறக்க ஒவ்வொரு தடவையும் ஹைட்ரா கிரேன் வண்டியை வாடகைக்குக் கூப்பிட்டால் கட்டுப்படி ஆகவில்லை.

பிரபு டொராண்டோ, 8.31
கிரேன் என்றால் பிடிஓ, அதாவது வண்டி இஞ்சினிலிருந்தே அதற்குப் பவர் எடுப்பது. அப்படியென்றால் வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். அதுதான் முக்கியமான விஷயம் அண்ணா. லைன் வண்டிக்கு ஓடோமீட்டரைப் பார்க்கக் கூடாது, இஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஐடிலில் ஓடினால் 40, 50 கிலோமீட்டர் ஓடிய தேய்மானம் என்று இங்கே கணக்கு வைப்பார்கள். ஆயில் மாற்றுவதும் அந்தக் கணக்கில்தான். மீட்டரில் குறைவாகக் காட்டும் வண்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே கிழவனாக இருக்கும். இப்போது சில பக்கெட் வண்டிகளில் பூமுக்குத் தனி பேட்டரியே வைக்கிறார்கள், இஞ்சினை அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம்.

ராஜா அண்ணன், 8.40
பிரபு சரியான இடத்தில் கை வைத்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வருவதெல்லாம் பிஎஸ்-6 புகை விதிப்படி செய்த வண்டி. டீசல் வண்டி சைலன்சர் பக்கத்தில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும். வண்டி தஞ்சாவூர் ரோட்டில் ஒரு அரை மணி நல்ல வேகத்தில் போனால் அந்தச் சூட்டில் கரி எரிந்து தானாகச் சுத்தமாகிவிடும். வாய்க்கால் கரையில் நின்றபடி மூணு மணி நேரம் உறுமிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு வராது. கரி சேரும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். டிரைவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இஞ்சின் தன் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் பாரத்தோடு மேடு ஏறாது.

போன மழையில் என் ஷெட்டுக்கு அப்படி ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா கம்பெனியிலும் இதே வடிகட்டிதான். டிரைவர் அந்த விளக்கின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தான். கண்ணை உறுத்துகிறதாம்.

மணி மாமா, 8.41
😂😂

ரேவதி, 8.44
நான் பார்த்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22லிருந்து சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, அது நமக்கு லாபம். அதே வருஷம் அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகும் வண்டி மூன்றரை டன்னுக்கு மேல் என்றால் கேபினில் ஏசி கட்டாயம். 407 அதில் வரும். நம் டிரைவரிடம் எல்.எம்.வி. (இலகு வாகன) லைசென்ஸ்தான் இருக்கிறது, அதில் பயம் இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 407 கோல்டு 4,450 கிலோ. அடக்கம்.

செல்வி அத்தை, 8.46
ஏசியா? கம்பம் ஏறுகிறவனுக்கா?

பிரபு டொராண்டோ, 8.47
அத்தை, வெயிலில் இறங்கி வருபவனுக்குத்தான் அது வேண்டும்.

செல்வி அத்தை, 8.47
அதுவும் சரிதான்.

மணி மாமா, 8.59
ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. சாய்ந்த கம்பம் மட்டும் லட்சத்துக்கு மேல். எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆள், வண்டி வந்தது. புத்தம்புது வண்டியும் வந்தது, பழைய வண்டியும் வந்தது. தென்னந்தோப்புக்குள் மரம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கிறது, ரோடு சகதி, எங்கே பார்த்தாலும் இருட்டு. கிளட்ச் பிளேட் போனால் பட்டுக்கோட்டையிலேயே எந்த வண்டிக்குக் கிடைத்ததோ அந்த வண்டி மறுநாள் காலை வேலைக்கு நின்றது. திருச்சியிலிருந்து பார்ட்ஸ் வர வேண்டிய வண்டி ஓரமாக நின்றது. நான் 407 என்று சொல்வது அதனால்தான், பழைய பாசத்தில் அல்ல.

ராஜா அண்ணன், 9.06
கொஞ்சம் பாசமும் இருக்கிறது மாமா 😄 ஆனால் அந்தக் கணக்கு 2018க்குச் சரி. பழைய வண்டி நின்றால் பக்கத்துக் கடைக்காரர் ஸ்பேனரோடு வந்தால் போதும். பிஎஸ்-6 நின்றால் லேப்டாப்போடு வர வேண்டும். சென்சார் காட்டும் எரர் கோடை (பிழைக் குறியீட்டை) அழிக்காமல் வண்டி நகராது. ஆகவே இப்போது பார்க்க வேண்டியது, ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டர் எத்தனை தூரம், ராத்திரி போன் எடுப்பார்களா, ஸ்டாக்கில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான். ஷோரூமில் சேல்ஸ் பையனிடம் கேட்காதே. பின்பக்கம் போய் ஸ்டோர் கீப்பரிடம் கேள். டீசல் பில்டர், கிளட்ச் செட், டிபிஎஃப் பிரஷர் சென்சார், இது மூன்றும் இப்போதே கையில் இருக்கிறதா என்று. அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

கார்த்தி, 9.09
அப்போ ஐஷரும் லேலண்டும் வேண்டாமா?

ராஜா அண்ணன், 9.13
வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஷர் 2049 உன் பாரத்துக்கு அளவான வண்டி. லேலண்டின் தோஸ்த் ஓசூரில் செய்யும் வண்டி, 2011லிருந்து ஓடுகிறது, சந்துக்குள் லாவகமாகத் திரும்பும். ஆனால் டிரான்ஸ்பார்மரும் டிரம்மும் சேர்ந்து ஏறினால் அது முக்கும். பாரத்பென்ஸ் உனக்குப் பெரிது. இவற்றில் எதை எடுத்தாலும் முன்னால் மூணு பேர், அவ்வளவுதான். உன் பிரச்சினை பாரம் அல்ல, ஆள்.

ராஜா அண்ணன், 9.14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி, 9.15
என்ன அண்ணா அழித்தீர்கள்?

ராஜா அண்ணன், 9.20
விலை தப்பாகப் போட்டுவிட்டேன். இதைக் கேள். மஹிந்திரா பொலேரோ கேம்பர் எடு. டிரைவரோடு ஐந்து பேர் கேபினுக்குள் உட்காரலாம், பின்னால் ஒரு டன் வரை. ஃபோர் வீலும் கிடைக்கிறது, நடவு சமயத்தில் வயல் ஓரம் இறங்கினால் அதன் அருமை தெரியும். இசுசு டி-மேக்ஸ் எஸ்-கேப், டாடா யோதா க்ரூ கேப் இரண்டும் அதே ஜாதி, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். பழைய 407ஐ விற்காதே.

ரேவதி, 9.21
விற்காமல்? எஃப்.சி. செலவு?

ராஜா அண்ணன், 9.29
அது 2014 மாடல். வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், உண்மை. ஆனால் அதில் டிபிஎஃப் கிடையாது, சென்சார் கிடையாது. கிரேனை அதன்மேல் வை. நின்ற இடத்தில் நாள் முழுக்க உறுமினாலும் வடிகட்டி அடைக்கும் என்ற பேச்சே இல்லை. சாமானும் டிரான்ஸ்பார்மரும் அதில், ரெண்டு ஆள் முன்னால். மற்ற ஐந்து பேர் கேம்பரில். கேம்பரை நீ தினமும் ரோட்டில் ஓட்டுவாய், அதன் வடிகட்டி தானாகச் சுத்தமாகும். கிரேன் வைத்தால் அதன் எடை பாரத்தில் கழியும், ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்காதே.

பிரபு டொராண்டோ, 9.33
இது நல்ல யோசனை. ஒரு ஹவர் மீட்டரும் மாட்டிவிடுங்கள் ராஜா அண்ணா. பெரிய விலை இல்லை.

மணி மாமா, 9.36
கிரேனால் தூக்கும்போது மேலே லைன் இருக்கிறதா என்று ஒருத்தன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் மாப்பிள்ளை. அவனுக்கு வேறு வேலை கொடுக்காதே.

கார்த்தி, 9.38
சரி மாமா. அதைப் பசங்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு வண்டி என்றால் இன்ஷூரன்ஸும் இரண்டாகுமே, அதுதான் யோசனை.

ரேவதி, 9.45
கணக்குப் போட்டேன். புது லாரி எடுத்து, கிரேன் வைத்து, மிச்ச ஆளுக்கு ஆட்டோ வாடகை கொடுப்பதைவிட இது குறைவாகத்தான் வருகிறது. 407 வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிந்தால் முடிவாகச் சொல்லிவிடுவேன். ராஜா அண்ணா, ஒரு எஸ்டிமேட் தர முடியுமா?

ராஜா அண்ணன், 9.52
செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டு வரச் சொல். பின் ஸ்பிரிங் பட்டை இரண்டு உடைந்திருக்கிறது, அது எனக்குத் தெரியும். கிளட்ச், பிரேக் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். டேங்கில் டீசல் நிறைய வைக்காதீர்கள், இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும்.

கார்த்தி, 9.53
காலை எட்டுக்கு வண்டி உங்கள் ஷெட்டில் நிற்கும் அண்ணா.