அப்டேட் நின்றுபோன போனில் பூட்லோடரைத் திறக்கலாமா?

பழையபோன்காரன்: என் போனுக்கு அப்டேட் வந்து இரண்டு வருடம் ஆகிறது. திரை, பேட்டரி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, தூக்கிப்போட மனசு வரவில்லை. லினியேஜ்ஓஎஸ் (ஆண்ட்ராய்டை வைத்துச் செய்த மாற்று ரோம், அதாவது மாற்று சிஸ்டம்) போடலாம் என்று பார்த்தால், முதலில் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரலை, அன்லாக் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ரோம்பைத்தியம்: தாராளமா. பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், அதில் ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் செய்துவிட்டு மற்றதை ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் முறை) பாருங்கள். கடைசிக் கட்டளை கொடுத்ததும் போனில் உள்ளது மொத்தமும் அழிந்துவிடும், பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

பூட்டுச்சாவி: போட்டோ போவதா பிரச்சினை? பூட்லோடர் திறந்திருந்தால் பிளே இன்டக்ரிட்டி சோதனையில் (போனில் யாரும் கைவைக்கவில்லையா என்று கூகுள் பார்ப்பது) போன் தேறாது, பேங்க் ஆப் பலதும் திறக்க மறுக்கும். சாம்சங் என்றால் மாற்று ரோம் ஏற்றியதுமே நாக்ஸ் ஃபியூஸ் (திரும்ப மாற்ற முடியாத பாதுகாப்பு அடையாளம்) எரிந்துவிடும், அப்புறம் பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வராது. அதோடு வெரிஃபைட் பூட் (ஆன் ஆகும்போது சிஸ்டம் அசல்தானா என்று பார்க்கும் சோதனை) இல்லாமல் போவதால், போன் பத்து நிமிடம் வேறு ஆள் கையில் இருந்தாலே சிஸ்டத்தை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

ரோம்பைத்தியம்: யாருங்க நம் போனைத் தூக்கிப்போய் சிஸ்டத்தை மாற்றப் போகிறார்கள்? திருடனுக்கு வேண்டியது டிஸ்ப்ளேவும் போர்டும்தான், தரவு என்க்ரிப்ட் ஆகித்தானே கிடக்கிறது. பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) இல்லாத போனைத் தாக்க ஒரு படமோ வலைப்பக்கமோ போதும், அதற்கு யாரும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. எது பெரிய ஆபத்து, நீங்களே சொல்லுங்கள்.

பூட்டுச்சாவி: அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லினியேஜ் கொண்டுவருவது ஆண்ட்ராய்டு பக்கத்துப் பேட்ச் மட்டும். மோடம், சிப் ஃபர்ம்வேர் எல்லாம் கம்பெனி கடைசியாகக் கொடுத்ததோடு நிற்கும். செட்டிங்ஸில் வெண்டர் பேட்ச் தேதி என்று தனியாக இருக்கும், பார்த்தால் பழைய தேதிதான். முழுப் பாதுகாப்பு என்று நம்பிப் போகாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பழையபோன்காரன்: ரோம் போட்ட பிறகு மறுபடி லாக் செய்துவிட்டால் புதுப் பேட்ச், பூட்டு இரண்டும் கிடைக்காதா?

ரோம்பைத்தியம்: ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள்! நான் அப்படி லாக் செய்துதான் ஒரு போனைப் பிரிக் (செங்கல் மாதிரி, எதற்கும் உதவாமல்) ஆக்கினேன். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத சிஸ்டத்தைப் பூட்டிய பூட்லோடர் ஏற்காது, அப்புறம் பல போன்களில் அன்லாக் செய்யவும் வழி இருக்காது. கூகுளின் பிக்சலில் கிராபீன்ஓஎஸ் என்ற மாற்று ரோம் போட்டால் அதன் சாவியைப் பதிந்து லாக் செய்யலாம், அது வேறு கதை.

பூட்டுச்சாவி: இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி 😄

பழையபோன்காரன்: சரி, பேங்க் ஆப் எல்லாம் வேறு போனில் இருக்கிறது, துணிந்துவிட்டேன். ஆனால் ஓஇஎம் அன்லாக்கிங் சாம்பல் நிறத்தில் அசையாமல் நிற்கிறதே?

ரோம்பைத்தியம்: நெட் இணைப்பு கொடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வெரைசான் என்ற செல்போன் சேவை நிறுவனம் விற்ற பிக்சல் மாதிரி ஏதாவது என்றால் கடைசிவரை திறக்காது. எங்கே வாங்கினீர்கள்?

பழையபோன்காரன்: மச்சான் அங்கிருந்து கொண்டுவந்தார்...