தேங்காய் வச்சு நீரோட்டம் பார்க்கிறது: போர் போடுறதுக்கு முன்னாடி சோதிக்க முடியுமா?

கத்திவாக்கம்_காத்து:
திருவொற்றியூர்ல கடலோரமா அரை கிரவுண்டு. தேங்காய் வச்சுப் பார்க்கிறவர் ஈசானி மூலையைக் குறிச்சு, 150 அடி போனா நல்ல தண்ணிங்கிறார். அவர் சொன்ன இடத்துல எல்லாம் தண்ணி வந்திருக்காம். நம்பலாமா?

மணல்வாரி:
வராம எங்க போகும்? அது கடலோர மணல் சார். தண்ணி நரம்பு நரம்பா ஓடல, மணல் இடுக்கு பூரா பரவி நிக்குது. எந்த மூலையில குத்தினாலும் வரும். உப்பா இல்லையாங்கிறதுதான் அங்க பிரச்சினை.

அந்த 150 அடிதான் வில்லங்கம், ஆழமாப் போனா உப்புல மாட்டலாம். நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நின்னா, கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். உறிஞ்சி உறிஞ்சி மேல அரை அடி இறக்கினா, கீழேருந்து உப்பு 20 அடி ஏறும். மீஞ்சூர் பக்கம் கடல்தண்ணி உள்ளே வந்ததும் அளவில்லாம உறிஞ்சினதாலதான்.

அக்கம்பக்கத்து போர்ல மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) பாருங்க. 500க்குள்ள நல்லது, 2000 தாண்டினா குடிக்க ஆகாது. மே மாசம் பாருங்க, மழை முடிஞ்ச கையோட பார்த்தா ஏமாந்துடுவீங்க. சாக்கடைக் கிருமியோ டீசலோ கலந்திருந்தா மீட்டர் காட்டாது, அதுக்கு லேப்தான்.

தராசுமுள்:
உள்ளங்கையில தேங்காய் எழுந்து நிக்கிறது மணிக்கட்டோட வேலை. நமக்கே தெரியாம தசை அசையும். கார்பென்டர்னு ஒரு இங்கிலாந்து உடலியல் அறிஞர் 1852லயே இதை விளக்கிட்டார். தேங்காய்க்காரர் பொய் சொல்றார்னு அர்த்தமில்ல. அதே தேங்காயை அதே இடத்துல ஸ்டூல் மேல படுக்க வச்சுப் பாருங்க, அசையாது.

சோதிக்கணும்னா மூடி போட்ட ஒரே மாதிரி 10 பக்கெட், ஒண்ணுல மட்டும் தண்ணி.

கத்திவாக்கம்_காத்து:
ஓடுற தண்ணிதான் தெரியும்ங்கிறாரே!

தராசுமுள்:
அப்போ பலகைக்கு அடியில ஹோஸ் போடுங்க. ஒவ்வொரு தடவையும் காசு சுண்டி, பூ விழுந்தா திற, தலை விழுந்தா மூடு. 20 தடவை. குருட்டாம்போக்குல சொன்னாலே 10 சரியா வரும். 15ஓ அதுக்கு மேலயோ குருட்டாம்போக்குல அடிக்கிறது நூத்துக்கு ரெண்டு தடவைதான்.

சொதப்புறது ரெண்டு இடத்துல. தண்ணி சத்தம் காதுல விழும், பக்கத்துல ஏதாவது மோட்டார் ஓடட்டும். குழாய் திறக்கிறவர் முகமே காட்டிக்கொடுக்கும், அவர் சுவத்துக்கு அந்தாண்டை இருக்கணும். கூட நிக்கிறவருக்கும் விடை தெரியக்கூடாது. ஜெர்மனியில காசெல் நகரத்துல 1990ல, அரை மீட்டர் ஆழத்துல பிளாஸ்டிக் குழாய் புதைச்சு இப்படித்தான் 30 பேரைச் சோதிச்சாங்க. குருட்டாம்போக்கைத் தாண்டல.

முதல்ல தண்ணி ஓடுறது தெரியுற மாதிரியே வச்சு, 'இங்க தேங்காய் வேலை செய்யுது'னு அவர் வாயாலேயே சொல்ல வச்சுடுங்க. இல்லன்னா அப்புறம் திதி சரியில்லம்பார்.