வெர்ரியர் எல்வின்: மதம் சொல்ல வந்தவர் இங்கே என்ன கற்றுக்கொண்டார்?

கேள்வி (மலைவாசகன்):
பழங்குடிகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மானிடவியலாளர் எல்வினின் சுயசரிதையை இப்போதுதான் முடித்தேன். 1902இல் டோவரில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், 1927இல் ஒரு கிறிஸ்தவ சங்கத்தில் சேர்ந்து புனே வந்து, காந்தியோடு நெருங்கிப் பழகி, அப்புறம் மத்திய இந்தியாவின் மைக்கால் மலைப்பக்கம் கோண்டு பழங்குடிகளிடம் போய்க் குடியேறிவிட்டார். 1935இல் திருச்சபையிலிருந்தே விலகினார், 1954இல் இந்தியக் குடிமகன் ஆனார். மதம் சொல்ல வந்த மனுஷன் அதைப் பற்றி இங்கே உண்மையில் கற்றுக்கொண்டது என்ன? காட்டு வாழ்க்கை மேல் வந்த மயக்கம், அவ்வளவுதானா?

பதில் (ஏர்முனை):
மயக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே பக்கத்து இன்னொரு பழங்குடியான பைகாக்களைப் பற்றி 1939இல் எழுதிய புத்தகத்தைப் பாருங்கள். ஏர் பூட்டினால் பூமித்தாயின் மார்பைக் கிழிப்பதாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் மரங்களை வெட்டிக் காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் விதை தூவுவார்கள், சில வருஷம் கழித்து வேறு இடம் பார்ப்பார்கள். இந்தச் சாகுபடிக்குப் பேவர் என்று பெயர். வனத்துறைக்கு இது காட்டை அழிக்கிற பழக்கம், ஏரைப் பிடி என்று நெருக்கி, பேவரை ஒரு சின்ன வட்டாரத்துக்குள் ஒடுக்கிவிட்டது. சாகுபடியில் கைவைத்தால் சாமி, கதை, மந்திரம் எல்லாமே ஆட்டம் காணும் என்பதை எல்வின் கூட இருந்து பார்த்தார். நம்பிக்கை என்றால் ஜெபமும் வேதமும்தான் என்று படித்து வந்தவருக்கு இது லேசான பாடம் இல்லை.

பதில் (கறார்க்காரி):
சரி, ஆனால் எல்லோரும் நைசாகத் தாண்டிப் போகிற விஷயம் ஒன்று உண்டு. 1940இல், 37 வயதில், 13 வயது கோண்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்தார், 1949இல் விவாகரத்து. அந்த மக்களின் பாட்டு, கனவு, காதல் என்று பக்கம் பக்கமாக எழுதியவர், சுயசரிதையில் அவளை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார். பைகாக்களுக்குத் தேசியப் பூங்கா மாதிரி தனி இடம் ஒதுக்கச் சொன்னதும் இவர்தான். உள்ளே இருக்கிறவர்களைக் கேட்டாரா? சமூகவியலாளர் குர்யே போன்றவர்கள் 'பழங்குடிகள் பின்தங்கிய இந்துக்கள்' என்று எதிர்த்து எழுதினார்கள், எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை. இரண்டு பக்கமும் பேசியது வெளியாள்தான்.

பதில் (ஏர்முனை):
கல்யாண விஷயத்தில் மறுபேச்சே இல்லை. பூங்கா யோசனையை மட்டும் அவரே பின்னால் கைவிட்டார். 1950களில் நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) நிர்வாகத்தின் ஆலோசகராக, தனிமைப்படுத்தவும் வேண்டாம், அவசரமாகக் கரைக்கவும் வேண்டாம் என்று எழுதினார், நேரு முன்னுரை கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், மிஷனரியாக வந்தவர், மிஷனரிகளை உள்ளே விடாத நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

பதில் (கிழக்குக்காற்று):
அதற்கப்புறம் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி அருணாச்சலத்தில் சுமார் 30 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். இன்னொரு பக்கம், சூரியனையும் சந்திரனையும் கும்பிடுகிற டோன்யி-போலோ மதத்தை, 'ஆதி' என்ற பெயருள்ள அங்குள்ள பழங்குடி இனத்தவரே முறைப்படுத்தி, பிரார்த்தனைக் கூடம் கட்டி, துதிப்பாடல் எழுதி வாரவாரம் கூடுகிறார்கள். மாறுவதும் அவர்கள், காப்பதும் அவர்கள். எல்வின் 1964இலேயே இறந்துவிட்டார், இது எதையும் பார்க்கவில்லை.

மலைவாசகன்:
கறார்க்காரி சொன்ன அந்த வரிகளை நானும் வேகமாகத்தான் தாண்டியிருக்கிறேன் போல. பைகா புத்தகத்தை எடுத்துவிட்டு வருகிறேன். ஆதி இனத்தவர் தாங்களே எழுதியது ஏதாவது கிடைத்தால் இங்கே போடுங்கள்.