மறு: கலைச்சொல் வேண்டும் – கடைக்குக் ‘கேட்ச்மென்ட் ஏரியா’

தண்டையார்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் புதுக்கடை போடுகிறவர்களுக்கான சந்தை ஆய்வுக் கையேடு தமிழில் தயாராகிறது. மளிகை, ஜவுளி, மருந்து, பாத்திரம் என எந்தக் கடையானாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எதை எண்ணுவது, யாரைக் கேட்பது என்பதுதான் பொருள். மூன்று சொற்களில் வண்டி நிற்கிறது. கேட்ச்மென்ட் ஏரியா (கடைக்கு ஆட்கள் புறப்பட்டு வரும் பகுதி), ஃபுட்ஃபால் (வரும் ஆட்களின் எண்ணிக்கை), கன்வெர்ஷன் (வந்தவர்களில் வாங்கியவர்களின் பங்கு). வரைவில் இப்போதைக்கு ‘வாடிக்கையாளர் நீர்ப்பிடிப்புப் பகுதி’, ‘காலடி விழுகை’, ‘மாற்ற விகிதம்’ என்று போட்டிருக்கிறேன். மூன்றுமே தொண்டையில் சிக்குகின்றன. உதவுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

ஐயா, ‘மாற்ற விகிதம்’ என்றால் கடைக்காரர் வாங்கிய துணியை மாற்றிக் கொடுக்கும் கணக்கு என்றே நினைப்பார். அதை முதலில் எடுத்துவிடுங்கள். ‘கொள்முதல் விகிதம்’ என்றும் போக முடியாது. கொள்முதல் என்பது கடை சரக்கு எடுப்பது, கிராக்கி வாங்குவது அல்ல.

சொல் பிடிப்பதற்கு முன் பொருளைப் பிடிப்போம். கேட்ச்மென்ட் என்பது கடையை நடுவில் வைத்து காம்பஸால் போடும் வட்டம் இல்லை. காசிமேட்டில் ஒரு கடையை வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். கணிசமான பங்கு துறைமுகத்திலும் வங்கக் கடலிலும் விழும். வருகிறவர்கள் உண்மையில் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று கேட்டு, வரைபடத்தில் ஆளுக்கொரு புள்ளி வைக்க வேண்டும். கடைக்கு அருகிலிருந்து எண்ணிக்கொண்டே போய், மொத்தப் புள்ளியில் 60 முதல் 70 விழுக்காடு அடங்கும் இடத்தில் கோடு போட்டால் அது முதல் சுற்று. அதற்கடுத்த 15 முதல் 25 விழுக்காடு இரண்டாம் சுற்று. மிச்சம் உதிரி.

கேட்கும் முறையிலேயே பாதி ஆய்வு கெடுகிறது. “வீடு எங்கே?” என்று கேட்கக் கூடாது. “இப்போ எங்கேயிருந்து வர்றீங்க? எந்தத் தெரு, எதுக்குப் பக்கத்துல?” என்று கேட்க வேண்டும். மாலை ஆறரைக்கு மெட்ரோவில் இறங்கி வரும் பெண்ணுக்கு வீடு விம்கோ நகரில் இருக்கலாம். உங்கள் கடைக்கு அவர் வேலையிடத்திலிருந்து வந்த ஆள். பின்கோடு மட்டும் வாங்கி வைத்தாலும் போதாது. பழைய வண்ணாரப்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் ஒரே 600021தான், ஆனால் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. குறைந்தது 300 பேரைக் கேளுங்கள். அப்போதும் கிடைக்கும் விழுக்காடு ஏறத்தாழ 6 புள்ளி மேலும் கீழும் ஆடும். கையில் பை இல்லாமல் வெளியே போகிறவரையும் நிறுத்திக் கேட்க வேண்டும். பில்லை மட்டும் பார்த்தால் வாங்கியவர் கணக்கு வருமே தவிர, ஏன் வாங்காமல் போனார் என்பது வராது.

திருவொற்றியூரிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். ‘நீர்ப்பிடிப்பு’ பொதுப்பணித் துறைச் சொல். ஏரிக்கு அது சரி. கடைக்காரர் யாரையும் பிடித்து வைப்பதில்லை என்பதால் ‘பிடிப்பு’ வேண்டாம். ஆனால் ஏரியையே விட்டுவிட வேண்டியதில்லை.

புழல் ஏரிச் செய்தி இல்லாத மழைக்காலம் உண்டா? இருப்பு இவ்வளவு, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இவ்வளவு என்று மூன்று எண் போடுவார்கள். முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். இதில் ‘வரத்து’ என்ற சொல்லின் குணத்தைப் பாருங்கள். அதைச் சும்மா எண்ணிக்கையாகச் சொல்வதில்லை, நேரத்தோடு சேர்த்தே சொல்கிறோம். ஃபுட்ஃபாலுக்கும் அதுதானே வேண்டும்? ‘இன்று 400 பேர்’ என்பதைவிட ‘மாலை 6 முதல் 7 வரை மணிக்கு 90 பேர்’ என்பதில்தான் வேலைக்கு ஆள் வைப்பதா வேண்டாமா என்ற முடிவு இருக்கிறது. ஆகவே ஃபுட்ஃபால் = வரத்து. வரத்து எங்கிருந்து வடிந்து வருகிறதோ அது வரத்துப்பரப்பு.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் கடைத்தெருவில் அடிபடும். “தக்காளி வரத்து கம்மி, விலை ஏறிடுச்சு” என்பது தினசரி பேச்சு. வியாபாரிக்கு வரத்து என்றால் சரக்கு. கையேட்டில் ‘வரத்து குறைந்தால் என்ன செய்வது’ என்று தலைப்பு வைத்தால், மண்டியில் லாரி வராததற்கு வழி சொல்கிறீர்கள் என்று நினைத்துப் புரட்டுவார்.

ஒரு முன்னொட்டு போட்டால் தீரும். அதோடு இரண்டு வரத்தையும் பிரிக்க வேண்டும். கடை வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் தெருவரத்து. படியேறி உள்ளே வருகிறவர்கள் கடைவரத்து. எம்.சி. ரோட்டில் தெருவரத்து எல்லா ஜவுளிக்கடைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கடைவரத்தில்தான் ஒருவர் பிழைக்கிறார், ஒருவர் ஷட்டரை இறக்குகிறார். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியதால்தான், “செம கூட்டம் உள்ள இடம்” என்று புரோக்கர் சொன்னதை நம்பி அட்வான்ஸ் போகிறது. காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலைக் கூட்டம் மீனுக்கு வந்தது. அந்தத் தெருவரத்தில் சேலைக்கடைக்கு ஒரு ஆள் ஏற மாட்டார்.

கன்வெர்ஷனுக்கு ‘போணி விகிதம்’ என்று யாராவது சொல்வதற்கு முன் தடுத்துவிடுகிறேன். போணி அன்றைய முதல் விற்பனை மட்டும். ‘பில் விகிதம்’ பேச்சுக்குச் சரி, ஆனால் பில் போடாத கடையே அதிகம். நேராக ‘வாங்கினோர் விகிதம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கல்யாண ஜவுளி எடுக்க மாமியார், மருமகள், நாத்தனார், குழந்தைகள் என்று வருவார்கள், பில் ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் 120 தலை நுழைந்து 30 பில் விழுந்தால் வாங்கினோர் விகிதம் 25 விழுக்காடு. அந்த 120 தலையும் 40 பார்ட்டி என்று எண்ணினால் அதே விகிதம் 75. முதல் கணக்கைப் பார்த்தவர் விலையைக் குறைப்பார், இரண்டாவதைப் பார்த்தவர் கல்லாவில் இன்னொரு ஆளைப் போடுவார். ஜவுளி, நகை, பாத்திரத்துக்குப் பார்ட்டிக் கணக்கு. மளிகை, மருந்துக்குத் தலைக்கணக்கு. ‘பார்ட்டி’யைத் தமிழாக்க வேண்டாம், அதுதான் கடையில் புழங்குகிற சொல்.

பெரம்பூரிலிருந்து:

> இரண்டு வரத்தையும் பிரிக்க வேண்டும்

முழுதும் ஏற்கிறேன். எண்ணும் முறையையும் சொற்களோடு சேர்த்தே எழுதுங்கள். மணிக்கு 15 நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது வழக்கம். ஆளுக்கொரு கோடு போடுங்கள், நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. ஆனால் எப்போதும் மணியடித்த முதல் கால்மணியையே எண்ணக் கூடாது. ரயில்வே கேட் தூக்கியதும் மடை திறந்த மாதிரி ஜனம் வரும், அடுத்த பத்து நிமிடம் தெரு காலி. அந்த நேரம் உங்கள் கால்மணியில் தினமும் விழுந்தால் இரட்டிப்பாக வரும், விழாவிட்டால் பாதிதான் வரும். ஒரு மணிக்கு முதல் கால், அடுத்த மணிக்கு இரண்டாம் கால் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். டி.எச். ரோட்டில் இரு ஓரத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, ஸ்டேஷன் வாசல் எந்த ஓரமோ அந்த ஓரத்துத் தெருவரத்துதான் கனம். கடை ஊழியர், டீ கொண்டுவரும் பையன், குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர், இவர்களைக் கழித்துவிட வேண்டும்.

நாள் தேர்வு: ஒரு வார நாள், சனி, ஞாயிறு. மாதத்தின் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் இதே மூன்று நாள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் எண்ணியதை வைத்து ஆண்டு வாடகையை முடிவு செய்யாதீர்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த நாட்களில் கையில் காசு புரளாது. அப்போதும் தெருவரத்து குறையாமல் இருக்கலாம், வாங்கினோர் விகிதம்தான் இறங்கும்.

வரத்துப்பரப்பின் எல்லை பற்றி ஒன்று. அமெரிக்க ஆய்வாளர் ரெய்லி 1931-இல் ஊருக்கும் ஊருக்கும் ஈர்ப்புக் கணக்கு சொன்னார். 1960-களில் இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் ஹஃப் அதைக் கடைக்கும் கடைக்கும் இறக்கினார். கடையின் பரப்பை, போக ஆகும் நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்களின் விகிதத்தில்தான் ஆட்கள் கடைகளுக்குப் பிரிவார்கள். ஒரு வீட்டிலிருந்து 2,000 சதுர அடிக் கடைக்கு 10 நிமிடம், 500 சதுர அடிக் கடைக்கு 5 நிமிடம் என்று வையுங்கள். 2,000-ஐ 100-ஆல் வகுத்தால் 20. 500-ஐ 25-ஆல் வகுத்தாலும் 20. கடைக்குப் பாதி. இப்போது பெரிய கடைக்குப் போகும் வழியில் கேட் போட்டு 5 நிமிடம் நிற்கிறார்கள் என்றால் 2,000-ஐ 225-ஆல் வகுக்க 8.9. பெரிய கடையின் பங்கு 50-லிருந்து 31 விழுக்காட்டுக்கு விழுந்துவிட்டது. (வர்க்கம் என்பதும் வேதவாக்கு இல்லை. பால், தயிருக்கு இன்னும் செங்குத்தாக விழும், பட்டுச்சேலைக்கு மெதுவாகத்தான் விழும்.) ஒரே தெரு இரண்டு கடைக்கும் பங்காக இருப்பதால் எல்லை கறாரான கோடாக இருக்காது. ‘எல்லை’, ‘வட்டாரம்’ இரண்டும் இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. ‘பரப்பு’ நெகிழ்ந்து கொடுக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து:

ஏரிக்கு வரத்துக்கால் மட்டுமா, பாசனமும் உண்டே. ஏரி நீர் பாயும் நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பெயர். போன் போட்டால் வீட்டுக்கு மளிகை அனுப்பும் கடைக்கு, டெலிவரி பையன் சைக்கிள் போகிற தெருக்கள் எல்லாம் ஆயக்கட்டு. வரத்துப்பரப்பும் ஆயக்கட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கேட் தாண்டி நடந்து வராத தெருவுக்கும் மூட்டை போகலாமே.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

ஆயக்கட்டு நன்று, ஆனால் வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவருக்கு அது தஞ்சாவூர்ச் சொல். ‘டெலிவரி ஏரியா’ என்றே போட்டு, ஓரத்தில் ஆயக்கட்டைக் குறிக்கலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வரைவில் தெருவரத்து, கடைவரத்து, வாங்கினோர் விகிதம், வரத்துப்பரப்பு என்று மாற்றிவிட்டேன். ஆயக்கட்டு இரண்டு நாள் நிலுவையில் இருக்கட்டும், மறுப்பவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். எண்ணும் தாளின் தலைப்பு இப்போது இப்படி: தேதி, மணி, எத்தனையாவது கால், தெருவின் எந்த ஓரம், தெருவரத்து, கடைவரத்து (தலை), கடைவரத்து (பார்ட்டி), வாங்கினோர். கேட் மூடியிருந்த நிமிடத்துக்குக் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதற்கு மட்டும் பெயர் வைக்கவில்லை, ‘கேட்’ என்றே இருக்கிறது.