மூலை கபினெட்: சுழல் தட்டா, ஆடும் தட்டா, வெறும் பலகையா?

சாட்ஸ்வர்த் அடுப்படி

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் பழைய கவுன்சில் (நகராட்சி) வீடு. அடுப்படியைப் பிரித்து எல் வடிவத்தில் புதிதாகச் செய்கிறோம். பெட்டிகள் எல்லாம் 16 மி.மீ. மெலமைன் போர்டு, அதாவது மெலமைன் பூசிய சிப்போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை). மூலையில் வருவது, ஒரு பக்கம் அடுத்த வரிசைக்குப் பின்னால் மறைந்த கபினெட். சுவர் மூலையிலிருந்து வெளி விளிம்பு வரை 1100 மி.மீ., பெட்டி அகலம் 1000, கதவு 450, உள் ஆழம் 560, உயரம் 720. எல் வடிவத்தின் மறுபக்க வரிசையில் மூலையை ஒட்டி ஓவன்.

வைக்க வேண்டியவை: 400 மி.மீ. வாயுள்ள 2 பிரியாணி தேக்சா, புரட்டாசிக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கும் பாத்திரங்கள், 10 கிலோ அரிசி டப்பா, 5 லிட்டர் எண்ணெய், குக்கர். கடையில் மூன்று வழி காட்டுகிறார்கள்: பாதி வெளியே சுழலும் அரைவட்டத் தட்டு, முழுவதும் வெளியே ஆடி வரும் லெமான்ஸ் தட்டு, இழுத்தால் பின்கூடைகளும் தொடர்ந்து வரும் மேஜிக் கார்னர். இதில் எது எடை தாங்கும்? டர்பன் ஈரக்காற்றுக்கு எது நிற்கும்?

கபோர்டு தச்சர், பீனிக்ஸ்

அக்கா, விலை கேட்பதற்கு முன் தேக்சாவைக் காதோடு சேர்த்து அளந்து பாருங்கள். 450 கதவு என்றால் உள்ளே 450 வழி கிடைக்காது. ஒரு பக்கம் பெட்டியின் 16 மி.மீ. பலகை, மறுபக்கம் மறைப்புப் பலகையின் விளிம்பு, திறந்து நிற்கும் கதவின் தடிமன் எல்லாம் கழிந்தால் 410 சுமாருக்குத்தான் வழி. 400 வாய் தேக்சா அதில் நுழையும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் விரல் நுழையாது. சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். அதனால் தேக்சாவை எந்தத் தட்டிலும் வைக்க நினைக்காதீர்கள். தட்டு ஆடி வரும்போது வாய் விளிம்பு கதவுச் சட்டத்தில் தட்டி அங்கேயே நின்றுவிடும்.

மற்ற சாமான்களுக்கு மூன்றில் லெமான்ஸ்தான் என் தேர்வு. ஒரு தட்டு 25 கிலோ வரை தாங்கும். அரிசி டப்பாவும் குக்கரும் ஒன்றாக வைத்தாலும் கவலையில்லை. மேஜிக் கார்னரில் கூடைகள் சின்னவை. ஒவ்வொரு கூடையும் தாங்கும் எடை லெமான்ஸ் தட்டைவிட மிகக் குறைவு, அசையும் பாகங்களும் அதிகம். மசாலா டப்பா, டின் வகைக்கு அது நல்லது, அரிசிக்கு ஆகாது. அரைவட்டத் தட்டு விலை குறைவு. ஆனால் மறைந்த பக்கத்தின் பின்மூலை காலியாகவே கிடக்கும், அங்கே விழுந்த மூடியை எடுக்கத் தரையில் படுக்க வேண்டும்.

இனி பொருத்துவதைச் சொல்கிறேன், தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். லெமான்ஸ் இடம், வலம் என்று தனித்தனியாக வரும். கதவைப் பார்த்து நின்று, மறைந்த பகுதி எந்தக் கையில் இருக்கிறது என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். பெட்டியைத் தட்டு பொருத்தும் முன்பே ரசமட்டம் வைத்து, நீளவாக்கிலும் ஆழவாக்கிலும், கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலும் கதவைத் திறந்த உடனே தட்டு தானாக வெளியே வந்து முழங்காலில் இடிக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் எடையோடு இழுப்பது சிரமம்.

தட்டு முழுக்க வெளியே வரும்போது பாரம் எல்லாம், தட்டுகளைத் தாங்கி நிற்கும் நடுத்தண்டின் திருகுகளில் இறங்கும். சிப்போர்டில் 4 மி.மீ. திருகுக்கு 2.5 முதல் 3 மி.மீ. துளை முதலில் போடுங்கள், கடைசிச் சுற்றைக் கையால் முடியுங்கள். இம்பாக்ட் டிரைவரால் (திருகு முடுக்கும் மின்கருவி) அழுத்தினால் உள்ளே போர்டு மாவாகிவிடும். அன்று இறுக்கமாகத் தெரியும், சில மாதத்தில் தண்டு ஆடும். தண்டுக்கு நேர் கீழே தரையில் கூடுதலாக ஒரு கால் வையுங்கள். 16 மி.மீ. அடிப்பலகை அவ்வளவு எடையில் நடுவே தொய்யும்.

ஐசிபிங்கோ வாசகி

தச்சர் அண்ணா சொன்னதோடு துருவைப் பற்றியும் சேர்க்க வேண்டும். கடற்கரை ஓரம் குரோம் பூசிய கம்பிக்கூடையில் முதலில் துரு பிடிப்பது கம்பிகள் பற்றவைத்த முட்டுகளில்தான். அங்கே பூச்சு மெல்லியது. அடிப்பாகம் பலகையாகவும் ஓரம் மட்டும் கம்பியாகவும் உள்ள தட்டை வாங்குங்கள். சின்ன டப்பா சாயாது, எண்ணெய் சொட்டினாலும் துடைத்துவிடலாம். அதே கபினெட்டில் ஜிக் போன்ற ப்ளீச் பாட்டிலை வைக்கவே வேண்டாம். மூடிய இடத்தில் அதன் ஆவி குரோமையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும்கூட அரிக்கும்.

போர்டின் வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும், கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்புக்கும் சேர்த்து, எட்ஜிங் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டச் சொல்லுங்கள். ஈரம் உள்ளே ஏறுவது அந்த வெட்டு வழியாகத்தான். உப்பிய சிப்போர்டைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது.

5 லிட்டர் எண்ணெய் கீழ்த்தட்டில் இருக்கட்டும். தட்டின் விளிம்பு தாழ்வானது, உயரமான பாட்டில் மேல்தட்டில் இருந்தால் வேகமாக இழுக்கும்போது கவிழும்.

அளவுகாரர், டர்பன்

எனக்கு வேறு கருத்து. மூலையை மூடிவிட்டு, இரண்டு பக்கமும் இழுப்பறை போடுவதையும் கணக்குப் பாருங்கள். மூடினால் இழப்பது சுமார் 600க்கு 600 தரை இடம். லெமான்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில், 45 கிலோ தாங்கும் பால்பேரிங் ரெயிலோடு ஆழமான இழுப்பறைகள் செய்யலாம். அரிசி, எண்ணெய், குக்கர் மூன்றும் மேலிருந்து பார்த்து எடுக்கும்படி இருக்கும். தினமும் எடுக்கும் சாமானுக்கு இழுப்பறையைவிட வசதியானது எதுவும் கிடையாது.

தச்சர் தம்பி சொன்ன மாதிரி தேக்சா தட்டுக்கு ஆகாது. புரட்டாசிப் பாத்திரமோ வருடத்தில் ஒரு மாதம்தான் வெளியே வருகிறது. அதற்கு விலை உயர்ந்த தட்டு எதற்கு? மூலையை முழுவதும் மூட மனம் இல்லையென்றால் உள்ளே வெறும் பலகை ஒன்று போடுங்கள், அதுவும் பாதி ஆழத்துக்கு. முழு ஆழப் பலகை வைத்தால் கீழே பெரிய பாத்திரத்தைச் சாய்த்து ஏற்ற இடமிருக்காது. 400 தேக்சா தாராளமாக நுழைய 600 கதவு வேண்டும், அதற்குச் சுவரிலிருந்து 1250 ஒதுக்க வேண்டிவரும். இடமிருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் தேக்சாவை மேல் லாஃப்டுக்கு அனுப்புங்கள்.

எதைச் செய்தாலும் மூலையில் இரண்டு பக்கமும் 50 மி.மீ. ஃபில்லர் பட்டை (இடைவெளியை அடைக்கும் பலகைத் துண்டு) விடுங்கள். ஓவன் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பட்டை இல்லாமல் கதவையோ இழுப்பறையையோ திறந்தால் அதில் இடித்துப் பாதியில் நிற்கும். பழைய வீட்டுச் சுவர் மூலை சரியான 90 பாகையில் இருக்காது. தரையில், இடுப்பளவில் என்று இரண்டு உயரத்தில் அளந்து, சின்ன அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த் அடுப்படி

மூவருக்கும் நன்றி. 1250 ஒதுக்க இடமில்லை. அரிசியும் எண்ணெயும் ஓவனுக்கு அந்தப் பக்கம் இழுப்பறையில், தேக்சா லாஃப்டில், மூலையில் பாதி ஆழப் பலகையோடு புரட்டாசிப் பாத்திரம் என்று முடிவு செய்கிறோம். ஒரு சிக்கல்: மூலைச் சுவரில் தண்ணீர்க் குழாயின் ஸ்டாப் வால்வு இருக்கிறது. பெட்டியை வைத்தால் அது பின்னால் மறைந்துவிடும்.

கபோர்டு தச்சர், பீனிக்ஸ்

முடிந்தால் பிளம்பரிடம் சொல்லி வால்வை சிங்க் கபினெட்டுக்குள் மாற்றிவிடுங்கள் அக்கா, மேடை போட்ட பிறகு செய்வது பெரிய வேலை. முடியாவிட்டால் பின்பலகையில் வால்வுக்கு நேராக 250க்கு 250 துளை வெட்டி, வெட்டின ஓரத்தில் சிலிக்கோன் பூசி, அதைவிட 30 மி.மீ. பெரிய மூடியை நான்கு திருகில் மாட்டுங்கள். பெட்டியை நிலையாகப் பொருத்துவதற்கு முன் கையை விட்டு வால்வைத் திருகிப் பாருங்கள், கை எட்டினால் மட்டும் திருகை முடுக்குங்கள்.